பட்டறை இயந்திரங்கள்: சொந்தமாகச் செய்தவையும் ஆலையில் செய்தவையும், ஒரு செலவுக் கணக்கு

மரவேலையும் சிறிய அளவில் உலோகவேலையும் நடக்கும் என் பட்டறையில், பத்து ஆண்டுகளில் ஆறு இயந்திரங்களை நானே செய்திருக்கிறேன். அவற்றில் நான்கு இன்றும் ஓடுகின்றன, ஒன்றைப் பிரித்துவிட்டேன், ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டது. அதே வேலைகளைச் செய்யும் ஆலைத் தயாரிப்புகளில் சிலவற்றை விலைக்கு வாங்கியும், சிலவற்றை நண்பர்களின் பட்டறைகளில் நாள்கணக்கில் இயக்கியும் பார்த்திருக்கிறேன். முதல் இயந்திரத்துக்கு வாங்கிய முதல் போல்ட்டிலிருந்து ஒவ்வொரு செலவையும் ஒரு நோட்டில் எழுதிவந்ததால், சொந்தமாகச் செய்தால் பாதி விலையில் முடித்துவிடலாம் என்று பலரும் சொல்வது எந்த இயந்திரத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை ஓரளவு உறுதியோடு எழுத முடிகிறது.

விலை இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே, ஏறத்தாழ ஒரே அளவும் திறனும் கொண்ட புதிய ஆலை இயந்திரத்தின் விலையை 100 என்று வைத்துக்கொண்டு, எனக்கு ஆன செலவை அந்தக் கணக்கில் தருகிறேன். இரும்பு, மரம், பேரிங், பெல்ட், மோட்டார், சுவிட்ச், ஒயர் ஆகியவற்றோடு, தவறாக அறுத்து வீணாக்கிய பொருளையும் இதில் சேர்த்திருக்கிறேன். அந்த ஒரு வேலைக்காகவே வாங்கி, பிறகு அலமாரியில் தூங்கும் கருவிகளின் விலையும் முழுமையாக உள்ளே வருகிறது. வெல்டிங் மெஷின் போலப் பிற வேலைகளுக்கும் உதவுபவற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஏற்றினேன். உழைத்த மணிகளைப் பணமாக மாற்றாமல் தனியாக எழுதியிருக்கிறேன். ஒருவருடைய மணிக்கு என்ன மதிப்பு என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் செய்தது, பலகைகளை ஒரே கனத்துக்குத் தேய்த்துத் தரும் உருளைத் தேய்ப்பு இயந்திரம். 25 மி.மீ. ஷாஃப்டில் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வட்டுகளை வரிசையாகக் கோத்து, பசையிட்டு இறுக்கி, 125 மி.மீ. விட்டமும் 600 மி.மீ. நீளமும் கொண்ட உருளையாக்கி, இரு முனைகளிலும் பெட்டி பேரிங்குகளில் உட்காரவைத்து, அதன்மேல் உப்புத்தாளைச் சுருளாகச் சுற்றினேன். 1440 சுற்று மோட்டாரிலிருந்து ஒன்றுக்கு ஒன்று புல்லியில் ஓடும்போது, உருளையின் மேற்பரப்பு நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஆன செலவு 38. உழைத்தது 80 மணி நேரம்.

இந்த இயந்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. வட்டுகளை நான் வெட்டியபோது அவை முழுவட்டமாக வரவில்லை. துளைகளும் நடுவில் சரியாக அமையவில்லை. ஆனால் உருளையை அதன் சொந்தப் பேரிங்குகளிலேயே சுழலவிட்டு, தட்டையான பலகையில் ஒட்டிய முரட்டு உப்புத்தாளை மேசைமீது வைத்து மெல்ல மெல்ல உயர்த்தியபோது, உருளை தன்னைத்தானே திருத்திக்கொண்டது. மேசைக்கு இணையாகவும் ஆகிவிட்டது. 400 மி.மீ. அகலப் பலகையின் இரு ஓரங்களுக்கும் இடையே கனத்தில் 0.2 மி.மீ. வேறுபாடுதான் மிஞ்சியது. நண்பரிடம் உள்ள ஆலை இயந்திரத்தில் அது 0.1 மி.மீ. அளவில் இருக்கிறது. மரவேலைக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. துல்லியமாக வெட்டும் திறன் என்னிடம் இல்லாதபோதும் துல்லியம் கிடைத்தது. அந்த இயந்திரம் இயங்கும் முறையிலேயே அது பிறந்தது. பின்னால் செய்த ஒவ்வொன்றையும் எடைபோட இந்த அனுபவமே எனக்கு அளவுகோலாயிற்று.

குறைகளும் உண்டு. ஆலை இயந்திரத்தில் பலகையை ஒரு நாடா தானே இழுத்துச் செல்கிறது. என்னுடையதில் கையால்தான் தள்ள வேண்டும். ஒரே சீராகத் தள்ளாவிட்டால் ஓரிடத்தில் பள்ளம் விழும். அளவுக்கு மீறித் தேய்க்க முயன்றால் உருளை பலகையைத் திருப்பி எறியும். அதற்கு நேர் எதிரே நிற்கக் கூடாது என்பதைச் சுவரில் பட்ட ஒரு பலகைத் துண்டு எனக்குக் கற்றுத்தந்தது. எம்.டி.எஃப். ஈரப்பதத்தில் உப்பும். முதல் ஆண்டிலேயே உருளை சமநிலை தவறி அதிரத் தொடங்கியதால், மறுபடி தேய்த்துத் திருத்தி, வார்னிஷ் பூசி மூட வேண்டியதாயிற்று.

தூசி பிரிக்கும் சுழற்கூம்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கூம்பு வடிவத் தகரம், பீப்பாய், குழாய்கள் ஆகியவை மிகக் குறைந்த செலவில் முடிகின்றன. உறிஞ்சும் விசிறியையும் மோட்டாரையும் வடிகட்டியையும் மட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும். மொத்தம் 52, உழைப்பு 25 மணி நேரம். சீவலையும் பெரிய தூளையும் அது ஆலைத் தயாரிப்புக்கு இணையாகப் பிரிக்கிறது. நுரையீரலின் ஆழம்வரை போகும் மிக நுண்ணிய தூசி, எந்தக் கூம்பிலும் முழுமையாகத் தங்காமல் வடிகட்டிவரை வந்துவிடுகிறது. ஆகவே நல்ல வடிகட்டியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. என் 52-இல் ஏறத்தாழ பாதி வடிகட்டிக்கே போயிற்று. அதைக் குறைத்துக் காட்டும் எந்தக் கணக்கையும் நான் ஏற்கமாட்டேன்.

அடுத்தது 50 மி.மீ. அகலமும் 1830 மி.மீ. சுற்றளவும் கொண்ட நாடா ஓடும் பெல்ட் கிரைண்டர். கத்தி, உளி செய்பவர்கள் பெரிதும் விரும்புவது இது. சதுரக் குழாய்களை வெல்டிங் செய்தால் உடல் ஆகிவிடும். அதில் மில்லிமீட்டர் பிசகினாலும் கேடில்லை. சக்கரங்களில்தான் விஷயம் இருக்கிறது. நாடா நடுவில் நிற்க, சக்கரத்தின் நடுப்பகுதி ஓரங்களைவிடச் சற்றுப் புடைத்திருக்க வேண்டும். மூன்று சக்கரங்களும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். சக்கரங்களை ஒரு லேத்துப் பட்டறையில் கூலி கொடுத்துக் கடைந்து வாங்கினேன். அந்தக் கூலியோடு சேர்த்து 45, உழைப்பு 60 மணி நேரம். நாடாவுக்கும் வேலைப்பொருளுக்கும் இடையே உள்ள துல்லியத்தைக் கைதான் தருகிறது, இயந்திரம் அல்ல. அதனால் வீட்டில் செய்ததற்கும் விலைக்கு வாங்கியதற்கும் உள்ள வேறுபாட்டை வேலையில் உணரவே முடியவில்லை. ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்: தேயும் நாடாக்களின் செலவு இரண்டு இயந்திரங்களுக்கும் ஒன்றுதான். இரண்டே ஆண்டுகளில் நான் நாடாக்களுக்குச் செலவிட்டது, இயந்திரத்துக்குச் செலவிட்டதைத் தாண்டிவிட்டது.

நாடா ரம்பத்தை, அதாவது பேண்ட்சாவை, மரச்சட்டத்தில் செய்யப்போகிறேன் என்றபோது நண்பர்கள் பலரும் தடுத்தார்கள். மரம் வளையும், ரம்பம் தாறுமாறாக அறுக்கும் என்பது அவர்களுடைய அச்சம். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே இறங்கினேன். இரும்பின் விறைப்பு மரத்தைப்போல ஏறத்தாழ பதினேழிலிருந்து இருபது மடங்கு. ஆனால் ஒரு சட்டத்தின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடியாகக் கூடும். உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு, இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் உயர்த்தினால் இரும்பை எட்டிப்பிடிக்கலாம். 12 மி.மீ. அகலமும் 0.5 மி.மீ. கனமும் உள்ள பிளேடைச் சரியான இழுவிசையில் வைக்க, மேலும் கீழுமாக ஓடும் இரு பக்கங்களும் சேர்ந்து சட்டத்தின்மீது ஏறத்தாழ 120 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்துகின்றன. அந்த விசை மாறாமல் நிற்பது. சட்டம் ஒருமுறை சற்று வளைந்து அப்படியே அமைந்துவிடுகிறது. அறுக்கும்போது கூடும் விசை அதோடு ஒப்பிட மிகச் சிறியது. பிளேடை நேராக வைத்திருப்பதும் அதற்கு நெருக்கமாக உள்ள வழிகாட்டிக் கட்டைகளே. 400 மி.மீ. சக்கரங்களோடு செய்த அந்த ரம்பம் இன்றும் நேராக அறுக்கிறது. மரம் நீண்டகாலச் சுமையில் மெல்ல இளகும் என்பதால், வேலை முடிந்ததும் இழுவிசையைத் தளர்த்திவிட்டுப் போகிறேன். செலவு 41. ஆனால் உழைப்பு 140 மணி நேரம், அதில் சக்கரங்களைச் சமன்செய்யவே ஒரு வாரம் போயிற்று.

இவை நான்கும் ஓடுபவை. அடுத்தது நான் பெரிதும் ஆசைப்பட்டுச் செய்து, இறுதியில் பிரித்துப்போட்ட உலோக லேத்து.

முதல் உலகப் போர்க்காலத்தில் லூசியன் யோமன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், பீரங்கிக் குண்டுகளைக் கடைவதற்காகக் கான்கிரீட் உடல் கொண்ட லேத்துகளைச் செய்து வேலை வாங்கினார் என்பதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த ஆசை. இரண்டு சாணைபிடித்த எஃகுத் தண்டுகளைக் கான்கிரீட் படுக்கையில் பதித்து, வேலைப்பொருளைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்குக் கூம்பு உருளை பேரிங்குகளைப் போட்டு, உளியைத் தாங்கி நகரும் கேரேஜையும் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கையும் தகடுகளில் அமைத்தேன். 400 மணி நேரத்துக்கு மேல் உழைத்த பின்னும், 100 மி.மீ. நீளத் தண்டைக் கடைந்தால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் விட்டத்தில் 0.08 மி.மீ. வேறுபாடு வந்தது. வெட்டித் துண்டாக்கும் உளியை உள்ளே செலுத்தினால் முழு இயந்திரமும் அலறியது.

ஏன் இப்படி என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. மென் எஃகில் 1 மி.மீ. ஆழமும் சுற்றுக்கு 0.1 மி.மீ. ஊட்டமும் (உளி முன்னேறும் தூரம்) என்ற எளிய வெட்டுக்கே, உளியின் முனையில் ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறது. பேண்ட்சா சட்டத்தின் 120 கிலோவோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். ஆனால் இந்த விசை ஒவ்வொரு சீவலுக்கும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் உளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குகூட நகரக் கூடாது. ஸ்பிண்டில், வேலைப்பொருளைக் கவ்வும் சக், உளிப்பிடி, கேரேஜ், படுக்கை என்ற வளையத்தில் எந்தவொரு கண்ணி தளர்ந்திருந்தாலும் முழு வளையமும் தளர்ந்ததாகவே ஆகிவிடும். ஆலைகள் வார்ப்பிரும்பைத் தேர்வது வெறும் பழக்கத்தால் அல்ல. அதில் உள்ள கிராஃபைட் இழைகள் அதிர்வை உறிஞ்சுகின்றன; வார்த்த உடலின் உள்ளழுத்தம் நீங்கிய பிறகு, படுக்கையின் எல்லாத் தளங்களையும் ஒரே பிடிப்பில் வைத்துச் சாணைபிடிப்பதால் அவை ஒன்றுக்கொன்று இணையாக அமைகின்றன. அந்தச் சாணை இயந்திரத்தின் விலை ஆயிரக்கணக்கான லேத்துகளின்மீது பகிரப்படுகிறது. நான் ஒருவன் அதை ஈடுசெய்ய உழைப்பைத்தான் கொட்ட முடியும்.

அந்த உழைப்பாலும் முடியும் என்பதை மறுக்கவில்லை. மூன்று தகடுகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றி உரசி, மேடுகளை மட்டும் சுரண்டிக்கொண்டே போனால், வெளியிலிருந்து எந்த அளவுகோலும் இல்லாமல் உண்மையான தட்டைத் தளம் பிறக்கும். ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் இம்முறையை அறிஞர் அவையில் விளக்கினார். அதற்கு முன்பே ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் தட்டைத் தளங்கள் வழக்கமாகியிருந்தன. பொறுமையும் ஆண்டுகளும் உள்ளவருக்கு அது அருமையான கல்வி. ஆனால் இது செலவை ஒப்பிடும் மதிப்புரை என்பதால், கணக்கைச் சொல்லியாக வேண்டும்: பேரிங், தண்டு, சக், திருகு, பலமுறை செய்து வீணான பாகங்கள் எல்லாம் சேர்த்து 118. புதிய லேத்தைவிடக் கூடுதலாகச் செலவழித்து, அதைவிடத் தாழ்ந்த ஒன்றைப் பெற்றேன்.

அதன்பின் பழைய ஆலை லேத்து ஒன்றை 60-க்கு வாங்கினேன். இந்த மூன்றாவது வழி, ஒப்பீட்டில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பழைய இயந்திரத்தை வாங்கும்போது பெயிண்டைப் பார்க்கக் கூடாது. கேரேஜை ஸ்பிண்டிலுக்கு அருகே கொண்டுவந்து, ஆட்டம் இல்லாமல் இறுக்கிவிட்டு, அப்படியே மறு கோடிவரை நகர்த்திப் பார்க்க வேண்டும். அங்கே அது இறுகி நின்றால், அதிகம் உழைத்த முன்பகுதி தேய்ந்துவிட்டது என்று பொருள். ஸ்பிண்டிலின் உட்கூம்பில், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துக் கையால் சுழற்றினால் பேரிங்கின் நிலை தெரிந்துவிடும். நான் வாங்கியதில் முள் 0.01 மி.மீ.க்கு மேல் அசையவில்லை. உளி, சக், அளவுக் கருவிகள் என்று அதற்குத் தேவையானவற்றுக்கே லேத்தின் விலை அளவுக்கு மறுபடி செலவாகும் என்பதையும் புதிதாக இறங்குபவர்கள் எதிர்பார்த்துக்கொள்வது நல்லது.

பாதியில் நின்றது, பலகையைக் குடைந்து செதுக்கும், கணினியால் இயங்கும் ரவுட்டர். பந்துத்திருகுகள், நேர்கோட்டுத் தண்டவாளங்கள், ஸ்டெப்பர் மோட்டார்கள், கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சில்லறையில் வாங்கியபோதே கணக்கு 85-ஐத் தொட்டுவிட்டது. உடல் இன்னும் முடியவில்லை. இந்த வகை இயந்திரத்தில் விலையின் பெரும்பகுதி வாங்கும் பாகங்களில்தான் இருக்கிறது. நான் சேமிக்கக்கூடியது உடலில் மட்டுமே. ஆலையோ அதே பாகங்களை மொத்தமாக, நான் கனவிலும் பெற முடியாத விலைக்கு வாங்குகிறது. முப்பரிமாண அச்சு இயந்திரங்களிலும் இதே கதைதான் நடந்தது. 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர், அச்சு இயந்திரத்தை எவரும் தாமே செய்துகொள்வதற்கான ரெப்ராப் திட்டத்தைத் தொடங்கிய காலத்தில், ஆலை இயந்திரம் தனிமனிதர் நெருங்க முடியாத விலையில் இருந்தது. சொந்தமாகச் செய்வது அதில் ஒரு சிறு பங்கே ஆயிற்று. உருகிய இழையை அடுக்கும் முறைக்கான முதன்மைக் காப்புரிமை 2009-இல் முடிந்ததும் உற்பத்தியாளர்கள் பெருகினார்கள். இன்று பாகங்களைத் தனித்தனியே வாங்கினால், முழு இயந்திரத்தைவிடக் கூடுதலாகவே ஆகும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய செலவுக் கணக்கை நம்பி இன்று யாரும் வேலையைத் தொடங்க வேண்டாம்.

மோட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறைந்த செலவில் முடித்தேன் என்று காட்டப்படும் கணக்குகளில் பெரும்பாலும் மோட்டார் இலவசமாக வந்திருக்கும். பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் கார்பன் பிரஷ் மோட்டார், சுமையில்லாமல் கட்டுப்பாடின்றி ஓடவிட்டால் ஆபத்தான வேகத்தை எட்டும்; தொடர்ந்து ஓடும் வேலைக்கு அது அமைந்ததும் அல்ல. நடைப்பயிற்சி இயந்திரத்தின் மோட்டாரில் எழுதப்பட்டிருக்கும் குதிரைத்திறன் பெரும்பாலும் உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது அதைவிடக் குறைவு. உடல் திறந்திருப்பதால் இரும்புத் தூளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பெல்ட் கிரைண்டரில் முதலில் போட்ட மோட்டார் அப்படித்தான் எரிந்துபோனது. முழுவதும் மூடிய, பிரஷ் இல்லாத இண்டக்ஷன் மோட்டாரை விலைகொடுத்து வாங்கியதை முதலிலேயே செய்திருந்தால் 45 என்பது 40-ஆக முடிந்திருக்கும்.

பாதுகாப்புக்கான செலவை ஒப்பீட்டில் சேர்க்காதவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது இயந்திரம் தானாக ஓடத் தொடங்காத வகை சுவிட்ச், பெல்ட்டையும் புல்லியையும் மூடும் கூண்டு, முறையான எர்த் இணைப்பு, எட்டும் இடத்தில் நிறுத்துபொத்தான் ஆகியவை ஆலை இயந்திரத்தின் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. என் இயந்திரங்களில் இவற்றுக்கு ஒவ்வொன்றிலும் 6 முதல் 9 வரை ஆனது. மேசை வட்டரம்பத்தை நான் சொந்தமாகச் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். 250 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும்போது அதன் பற்கள் நொடிக்கு 52 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. பிளேடின் பின்னால் அதனோடு சேர்ந்து ஏறி இறங்கி, அறுத்த பிளவு மூடாமல் காக்கும் தகட்டை வீட்டில் சரியாக அமைப்பது கடினம். விரல் பட்டவுடன் பிளேடை ஏறத்தாழ 5 மில்லிநொடியில் நிறுத்திவிடும் சாஸ்டாப் போன்ற அமைப்பைச் செய்வதற்கோ வழியே இல்லை. அந்த ஒரு இயந்திரத்தில் 100 கொடுப்பது எனக்குச் சற்றும் உறுத்தவில்லை.

ஆலை இயந்திரத்தை விற்கப்போனால் விலையில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்கும். என் பேண்ட்சாவை யாரும் வாங்கமாட்டார்கள், மோட்டாரும் பேரிங்கும்தான் விலைபோகும். மறுபுறம், அதில் எது பழுதானாலும் எந்த ஆணியைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாங்கிய தேய்ப்பு இயந்திரம் ஒன்றின் கட்டுப்பாட்டுப் பலகை கெட்டபோது, உதிரி வருவதற்கு நண்பர் நான்கு மாதம் காத்திருந்தார். இந்த இரண்டையும் எண்ணாக்கிக் கணக்கில் ஏற்ற எனக்கு வழி தெரியவில்லை.

பட்டறைக்கு இப்போது இரண்டு இயந்திரங்கள் தேவைப்படுகின்றன. வட்டத்தட்டுத் தேய்ப்பு இயந்திரத்தை நானே செய்யத் தொடங்கிவிட்டேன். தட்டு மோட்டாரின் ஷாஃப்டிலேயே சுழலும், அதை அங்கேயே வைத்துத் திருத்திக்கொள்ளலாம், மேசையைச் செங்குத்தாக நிறுத்த ஒரு மூலைமட்டம் போதும். பலகை இழைக்கும் இயந்திரத்தை, கத்திகள் பூட்டிய அதன் உருளை ஓடும் வேகத்தையும் அது நேர்க்கோட்டில் தாங்க வேண்டிய விசையையும் எண்ணி, பழைய ஆலைத் தயாரிப்பாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். பிரித்துப்போட்ட லேத்தின் கான்கிரீட் படுக்கை, இப்போது பெல்ட் கிரைண்டருக்கு அடிப்பீடமாக அசையாமல் நிற்கிறது.